எல்லா அறையும் ஒன்றாகக் குளிரும்போது

மொன்றியலில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டின் பழைய எண்ணெய் உலை பழுதாகிவிட்டது. 2023 முடிவிலிருந்து கியூபெக்கில் அதற்குப் பதிலாக இன்னொரு எண்ணெய் உலை பூட்ட முடியாது. எனவே அறைதோறும் பேஸ்போர்ட் ஹீற்றர் பூட்ட நினைக்கிறார். "பேனலில் பிறேக்கர் போட இடம் இருக்கிறது. பிறகு எதற்கு எலெக்ரீசியன் லோட் கணக்கு, லோட் கணக்கு என்கிறார்?"

பேனலில் இடம் இருக்கலாம். வீட்டுக்கு வரும் கம்பியில் வலு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கனடிய மின்விதிகள் எல்லாச் சாதனத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. 12 கிலோவாற் மின்னடுப்பை 6 கிலோவாற் என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். நாலு தட்டும் ஓவனும் முழுவேகத்தில் சேர்ந்து எரிவது அரிது. அடுப்பைக் கணக்கில் சேர்த்துவிட்டால், உடுப்பு உலர்த்தியும் சுடுதண்ணீர்த் தாங்கியும் கால்பங்கோடு போய்விடும். ஹீற்றருக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் 10 கிலோவாற் முழுதாக, மிச்சம் முக்கால்பங்காக. அதுவும் ஒவ்வொரு அறைக்கும் தனித் தெர்மோஸ்ராற் இருந்தால் மட்டுமே. நடுவில் ஒரே மின்னுலை என்றால் முழுவதையும் எழுதவேண்டும்.

ஏன் இந்தக் கண்டிப்பு? சாதாரணக் குளிர்நாளில் ஹீற்றர்கள் மாறிமாறித்தான் எரியும். படுக்கையறையில் சூடு போதும் என்று ஒன்று அணையும்போது குசினியில் இன்னொன்று மூளும். ஆனால் மின்சாரம் சில மணிநேரம் நின்று திரும்பி வரட்டும், அந்த ஒழுங்கு குலைந்துவிடும். எல்லா அறையும் ஒன்றாகக் குளிர்ந்திருக்கும், எல்லாத் தெர்மோஸ்ராற்றும் ஒரே நொடியில் சூடு கேட்கும். எங்கள் ஊர்க் கோயிலில் அன்னதானத்துக்கு ஆட்கள் வந்து வந்து போவார்கள், ஐந்து பந்தியில் அலுங்காமல் முடியும். பூசை பிந்திய நாளில் ஊரே முதற்பந்தியில் வந்து இருந்துவிடும். அதே சோறு, அதே ஆட்கள், மடைப்பள்ளிதான் திணறும்.

வீட்டுக்கு வருவது தெருவுக்கும் வரும். 1998 ஜனவரிப் பனிமழையில் கியூபெக்கில் ஏறக்குறைய 14 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. அப்படிக் குளிர்ந்துபோன ஊருக்கு ஒரேயடியாக மின்சாரம் கொடுத்தால் பாரம் வழமையைவிடப் பலமடங்கு எகிறி, மீட்ட வழியே மறுபடி அறுந்துபோகும். அதனால் பகுதி பகுதியாகத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். மின்தடை வந்தால் தெர்மோஸ்ராற்றைக் குறைத்து வையுங்கள் என்பதும் இதனால்தான். மின்தடை இல்லாமலே கடுங்குளிர் இதே வேலையைச் செய்யும். 2023 பிப்ரவரி 3 அன்று மாகாண மின்நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கின் உச்சத் தேவை 43,000 மெகாவாற்றைத் தாண்டியது.

இனி வாசகரின் வீட்டுக்கு வருவோம். பரப்பு 120 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைப் பாரமாக முதல் 90 சதுர மீட்டருக்கு 5,000 வாற், மிச்சத்துக்கு 1,000. ஹீற்றர் மொத்தம் 14 கிலோவாற் என்றால் கணக்கில் 13,000. அடுப்புக்கு 6,000. 5,000 வாற் உலர்த்தி, 4,500 வாற் சுடுதண்ணீர்த் தாங்கி இரண்டுக்கும் கால்பங்காக 2,375. கூட்டினால் 27,375 வாற். 240 வோல்ற்றால் வகுத்தால் 114 அம்பியர். பழைய 100 அம்பியர் இணைப்பு இதற்குக் காணாது. குளிரூட்டி இருந்தாலும், அதுவும் ஹீற்றரும் சேர்ந்து ஓடாதபடி இருந்தால் இரண்டில் பெரியதை மட்டும் எடுத்தால் போதும்.

தனிச் சுற்றுக்கும் கணக்கு உண்டு. 240 வோல்ற்றில் 1,500 வாற் ஹீற்றர் 6.25 அம்பியர் இழுக்கும். 20 அம்பியர் பிறேக்கரில் பொதுவாக 80 சதவீதம், அதாவது 16 அம்பியர் வரைதான் ஏற்றலாம். இரண்டு ஹீற்றர் தாங்கும். மூன்றாவதைக் கோர்த்தால் 18.75.

எனக்குக் கவலை தருவது, இந்தக் கணக்கைத் தவிர்க்க நம்மவர்கள் பிடிக்கும் குறுக்குவழி. வாடகைக்கு விட்ட பேஸ்மன்ற்றில் நிலையான ஹீற்றர் இல்லாமல், 1,500 வாற் சிறு ஹீற்றரை நீட்டிப்பு வயரில் குத்தி, வயரைக் கம்பளத்துக்கு அடியில் விடுகிறார்கள். 120 வோல்ற்றில் அது 12.5 அம்பியர், இரா முழுதும். அந்த அறையில் தூங்குவது பெரும்பாலும் புதிதாக வந்த பிள்ளைகள்.

வாசகரே, கியூபெக்கில் இந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். விலை பேசுமுன் கணக்கைத் தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.