பருத்திக் காட்டுக்குத் திரும்பிய பட்டதாரிப் பெண்கள்

கல்லூரியில் படிக்கும்போது சங்கம் வைப்பது எங்கும் உண்டு. படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் அது கலைந்துபோகும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் அப்படிக் கலையாத சங்கம் ஒன்றை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டினார்கள். அந்த வரலாறு நம் மாணவிகளுக்குத் தெரிய வேண்டும்.

1908 ஜனவரியில் வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முயற்சியால் 9 பெண்கள் கூடி ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ சங்கத்தைத் தொடங்கினர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 43 ஆண்டுகளே ஆகியிருந்தன. இச்சங்கத்தில் சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க உறுப்பினர். பட்டம் வாங்கி ஆசிரியைகளாகவும் மருத்துவர்களாகவும் போன பெண்கள், தாங்கள் வேலை பார்த்த ஊர்களிலேயே பட்டதாரிகளுக்கான கிளைகளைத் தொடங்கினார்கள்.

மிசிசிப்பியில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஆசிரியையாக இருந்தவர் ஐடா ஜாக்சன். சங்கத்தின் தேசியத் தலைவரான அவர், 1934 கோடையில் மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்தில் கிராமப்புறக் கறுப்பின ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவர்களின் கண்ணில் பட்டது நோயும் பசியும்தான். முதலில் உடம்பு தேற வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1935இல், மருத்துவர் டாரத்தி ஃபெரிபீ தலைமையில் மருத்துவ முகாம் தொடங்கியது. ஆசிரியைகளும் செவிலியர்களும் கோடை விடுமுறையைக் கொடுத்து, சொந்தக் கார்களில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்தார்கள். வழியில் வெள்ளையர் நடத்திய விடுதிகளில் கறுப்பருக்கு இடம் கிடையாது.

அங்கே இன்னொரு தடை காத்திருந்தது. வாரத்துக்குப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பங்கள் பருத்திக் காட்டை விட்டு முகாமுக்குப் போகப் பண்ணையார்கள் சம்மதிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த படித்த பெண்கள் தங்கள் ஆட்களைக் கிளப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு.

பெண்கள் திரும்பிப் போகவில்லை. மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கே போனார்கள். முகாம் நடமாடும் மருத்துவமனையாக மாறியது. பிள்ளைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். உணவு, பல், சுத்தம் பற்றி எடுத்துச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பயன்பெற்றனர். கோடைதோறும் நடந்த இப்பணி, இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கும் டயருக்கும் கட்டுப்பாடு வந்தபோதுதான் நின்றது.

இந்த முகாம்களால் மிசிசிப்பியின் நிற ஒதுக்கல் ஒழிந்துவிடவில்லை, நிலமும் கைமாறவில்லை. ஆனால் தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு ஒரு நோயின் பயம் குறைந்தது. தன் நிறத்துப் பெண் ஒருத்தி மருத்துவராக நிற்பதைப் பண்ணையில் வேலை செய்த பெண்கள் நேரில் பார்த்தார்கள்.

நம் சேரிகளிலும் காலனிகளிலும் இன்று முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் இருக்கிறார்கள். ஆசிரியை, செவிலியர், வழக்கறிஞர் என்று ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாக வாழ்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு வாரம் அவர்கள் சேர்ந்து ஊருக்கு வந்தால் என்னென்ன செய்ய முடியும்? படித்துக்கொண்டிருக்கும் மாணவிகள் இதை இப்போதே தங்களுக்குள் பேசத் தொடங்கலாம். அங்கே 9 பேர் போதுமானவர்களாக இருந்தார்கள்.