லீவர் எட்டு, திருகாணி நாலு

ஹார்டுவேர் கடையில் பூட்டு கேட்டால், கடைக்காரர் நம்மைத் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை லீவர்?” ஆறோ ஏழோ எட்டோ, பர்ஸைப் பொறுத்து ஓர் எண்ணைச் சொல்லி வாங்கி வந்துவிடுகிறோம். அந்த லீவர் என்பது எது, அது ஒன்று கூடினால் திருடனுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் குறைவு.

வீணாய்ப்போன பழைய பூட்டு ஒன்றின் மேல்தகட்டைப் பெயர்த்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இவைதாம் லீவர்கள். எல்லாம் ஒரு முனையில் ஒரே ஆணியில் கோத்திருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு காடி வெட்டியிருக்கும். வளைவுக் கம்பியைப் பிடித்து நிறுத்தும் தாழ் ஒன்று பக்கத்தில் இருக்கும். அதன்மேல் ஒரு முளை. முளை அந்தக் காடிகளுக்குள் நுழைந்து நகர்ந்தால்தான் தாழ் விலகும், பூட்டு திறக்கும். சாவியைப் போடாதவரை காடிகள் ஒரே கோட்டில் இருக்காது. முளை முட்டிக்கொண்டு நிற்கும்.

சாவியின் பற்கள் ஏன் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன என்பது இங்கே விளங்கும். ஒரு பல் ஒரு லீவரை அதற்குரிய அளவு மட்டும் தூக்குகிறது. ஒரு லீவர் மயிரிழை குறைவாக எழும்பினாலும் முளை போகாது. கூடுதலாக எழும்பினாலும் போகாது, இதுதான் சூட்சுமம். இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் 1778-ல் காப்புரிமை பெற்றது இதற்குத்தான். அதற்கு முந்தைய பூட்டுகளில் தடுப்பைத் தூக்கிவிட்டாலே போதும், எவ்வளவு தூக்கினோம் என்பது பொருட்டில்லை. வளைத்த கம்பி ஒன்றே சாவியின் வேலையைச் செய்துவிடும்.

ஒவ்வொரு லீவருக்கும் ஐந்து விதமான உயரம் வைக்கலாம் என்று கொள்வோம். ஆறு லீவர் என்றால் 15,625 விதமான சாவிகள். எட்டு என்றால் 3,90,625. கணக்கு அப்படி. மலிவான பூட்டுகளில் இத்தனை விதங்களையும் யாரும் மெனக்கெட்டு வெட்டுவதில்லை. ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறப்பதும் நடக்கும். எட்டு என்று மேலே பொறித்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் வந்ததும் இந்த இடத்தில்தான். திண்டுக்கல்லிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டறைக்காரர்கள் லீவர்களையும் சாவியையும் அரத்தால் ராவி, ஒன்றுக்கொன்று பொருத்தி, கையாலேயே செய்தார்கள். இரண்டு பூட்டுக்கு ஒரு சாவி என்ற பேச்சுக்கே இடம் குறைவு. மாங்காய் வடிவில் வரும் மாங்காய்ப் பூட்டைத் தாத்தா பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். 2019-ல் இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு மல்லுக்கட்ட முடியாமல் பட்டறைகள் பல மூடிய பிறகு கிடைத்த மரியாதை அது.

திறக்கவே முடியாத பூட்டு உண்டா? இங்கிலாந்தில் ஜெரமையா சப் 1818-ல் ஒரு லீவர் பூட்டு செய்தார். கள்ளச்சாவி போட்டு ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு சிக்கிக்கொள்ளும். யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும். பிராமா நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலிலேயே சவாலாக வைத்திருந்தது. 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ் இரண்டையும் திறந்து காட்டினார். சப் பூட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிராமா பூட்டுக்குப் பதினாறு நாளில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது.

நம் தெருவில் பூட்டை உடைப்பவனுக்கு ஹாப்ஸின் பொறுமையும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. அவன் லீவர்களின் பக்கமே போவதில்லை. நாதாங்கிக்குள் கடப்பாரை நுனியைக் கொடுத்து ஒரு நெம்பு. அரை அங்குலத் திருகாணிகள் நாலும் மரத்தூளோடு பெயர்ந்து வந்துவிடும். பூட்டு பூட்டியபடியே நாதாங்கியில் தொங்கும். ஆயிரம் ரூபாய்ப் பூட்டை இருபது ரூபாய் நாதாங்கியில் மாட்டும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது.

ஆகவே பூட்டு வாங்குவதற்கு முன் கதவைப் பாருங்கள். நாதாங்கியை மூடிய பிறகும் அதன் திருகாணித் தலைகள் வெளியே தெரிந்தால், ஸ்க்ரூ டிரைவர் ஒன்றே சாவி. பலகையை ஊடுருவிப் போய் உள்பக்கம் நட்டு போட்டு முடுக்கும் போல்ட்டாக மாற்றச் சொல்லுங்கள். தச்சருக்கு ஒரு மணி நேர வேலை. நிலையில் கறையான் ஏறியிருந்தால் எந்தப் பூட்டும் உதவாது. வளைவுக் கம்பிக்கும் நாதாங்கிக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு குறைவோ, கடப்பாரைக்கு அவ்வளவு திண்டாட்டம்.

தொங்கு பூட்டுக்கு இன்னொரு குறை, வீட்டில் ஆளில்லை என்று அது தெருவுக்கே சொல்லிவிடும். கதவுக்குள் பதிக்கும் பூட்டு அப்படிக் காட்டிக்கொடுக்காது. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி போலீசார் கேட்டுக்கொள்வது, பூட்டிய வீடு இப்படி வெளியே தெரிந்துவிடுவதால்தான். வாசலில் சேரும் செய்தித்தாளும் பால் பாக்கெட்டும்கூட இதே சேதியைச் சொல்லும் என்பதால், அவற்றையும் நிறுத்திவிட்டுப் போவது நல்லது.

எண்ணெய் விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்குப் பூட்டு வழுக்கிக்கொண்டு திறக்கும். பிறகு தூசி ஒட்டி லீவர்கள் பிசுபிசுத்துக் கிடக்கும். பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, நாலைந்து முறை போட்டு எடுத்தால் போதும்.

இத்தனையும் ஆளில்லாத வீட்டுக்கு. பட்டப்பகலில் மணி அடித்து, “கேஸ் ஸ்டவ் செக் பண்ண வந்திருக்கோம்மா” என்று நிற்பவனிடம் எட்டு லீவர் என்ன செய்யும்? அங்கே வேலை செய்வது கதவில் பதித்த பார்வைக் கண்ணாடியும், ஒரு சாண்கூடத் திறக்கவிடாத சங்கிலியும்தான். சங்கிலியையும் நீளத் திருகாணி போட்டு நிலையோடு சேர்த்து முடுக்க வேண்டும். கதவை முழுதாகத் திறக்காமலேயே அடையாள அட்டையைக் கேளுங்கள். கையிலுள்ள கேஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். அவன் கொடுக்கும் எண்ணுக்கு அல்ல. உண்மையாகவே அனுப்பப்பட்ட ஆளென்றால் அந்த ஐந்து நிமிடம் வாசலில் நிற்பான்.