பழைய அம்பாசிடருக்கு எந்த கேம்ஷாஃப்ட்? சரியான அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தா காலத்து அம்பாசிடரை மறுபடி ரோட்டில் இறக்க ஆசையா? பெயிண்ட், சீட், குரோம் வேலை எல்லாம் காசு கொடுத்தால் முடிந்துவிடும். இன்ஜினைப் பிரித்த மெக்கானிக், “கேம் தேஞ்சு போச்சு சார், புதுசு போடணும்” என்று சொல்லும்போதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. எந்த கேம்? என்ன அளவு? தப்பான கேமைப் போட்டால் வண்டி ஐடிலில் நிற்காது, மேட்டில் இழுக்காது. செய்த செலவும் வீண்.

கேம்ஷாஃப்ட்டின் வேலை என்ன?

வால்வுகள் எப்போது திறக்கணும், எவ்வளவு உயரம் திறக்கணும், எப்போது மூடணும் என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட்தான். அதில் இருக்கும் முட்டை வடிவ மேடுகளை ‘லோப்’ என்பார்கள். அந்த வடிவத்தின் கணக்குதான் ‘ஸ்பெசிஃபிகேஷன்’.

முதலில் எந்த இன்ஜின்?

‘அம்பாசிடர் கேம்’ என்று ஒரே ஒரு கேம் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸை அடிப்படையாகக் கொண்ட இந்தக் கார், 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. இடையில் பல இன்ஜின்கள் மாறின. நீண்ட காலம் இருந்தது 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின். இதில் கேம் பிளாக்குக்குள் இருக்கும். பிறகு டீசல் வந்தது. 1990-களில் 1.8 லிட்டர் இசுசு வந்தது. அதில் கேம் மேலே, ஹெட்டில் இருக்கும். எனவே மாடல் வருடத்தை மட்டும் நம்பாதீங்க. பிளாக்கில் உள்ள இன்ஜின் எண்ணையும் ஆர்சியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. நடுவில் யாரோ இன்ஜினையே மாற்றியிருக்கலாம்.

மேனுவலில் எதைப் பார்க்கணும்?

அந்த இன்ஜினுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலில் வால்வு டைமிங், வால்வு லிஃப்ட், டேப்பட் கிளியரன்ஸ் மூன்றும் இருக்கும். பி-சீரிஸ் குடும்பத்தின் பிரபலமான காரான எம்ஜிபியை எடுத்துக்கலாம். அதன் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி இருக்கும்போதே திறக்கும். அடிப்புள்ளியைத் தாண்டி 56 டிகிரியில் மூடும். 16 + 180 + 56 = 252. வால்வு திறந்திருக்கும் இந்த மொத்த அளவுதான் ‘டியூரேஷன்’.

எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க

ஒரு கேமில் 252, இன்னொன்றில் 230 என்று போட்டிருந்தால் எது பெரியது? சொல்லவே முடியாது. சில தயாரிப்பாளர்கள் டேப்பட் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ., உயர்ந்த பிறகுதான் எண்ண ஆரம்பிப்பார்கள். அப்படி அளந்தால் அதே கேமுக்கு எண் குறைவாக வரும். எனவே “எந்த லிஃப்டில் அளந்தது?” என்று கேட்காமல் ஆர்டர் போடாதீங்க.

மேனுவல் கிடைக்கவில்லையா?

பழைய கேமையே அளக்கலாம். லேத் பட்டறையில் அதை சென்டரில் பிடித்து, டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஒவ்வொரு லோபின் உயரமும் தெரியும். இதில் மூன்று விஷயம் முக்கியம்.

• எல்லா லோபையும் அளக்கணும். தேய்ந்த லோப் காட்டுவது ஒரிஜினல் அளவு அல்ல. அதிக உயரம் காட்டும் லோப்தான் அதற்கு நெருக்கமானது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்க.
• கேம் ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும். மேனுவலில் இருப்பது கிராங்க் டிகிரி. எனவே கேமில் அளந்ததை இரண்டால் பெருக்கணும்.
• லோப் லிஃப்ட் வேறு, வால்வு லிஃப்ட் வேறு. லோப் 6 மி.மீ., ராக்கர் விகிதம் 1.4 என்றால் வால்வு சுமார் 8.4 மி.மீ. உயரும். இதில் டேப்பட் கிளியரன்ஸையும் கழிக்கணும்.

அளவு கிடைத்தாச்சு, அடுத்து?

புது கேமுக்குப் புது டேப்பட்களையே போடுங்க. பழையதைப் போட்டால் புது லோப் சீக்கிரமே தேயும்.

ஆவணத்தையும் மறக்காதீங்க. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடத்தைத் தாண்டி ஒரிஜினல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ பதிவு கிடைக்கும். இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த வாய்ப்பு போகலாம். பவர் கூட்டும் கேமா, ஒரிஜினல் கேமா என்று முடிவெடுக்கும் முன் இதையும் யோசிங்க.