கோபுரத்துக்கு வாடகை

"டவர் கிடைக்கவில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடாதவர் இன்று நம் வீடுகளில் யார் இருக்கிறார்கள்? செல்போனுக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அலை. ஆனால் நம் ஜனங்கள் அந்த அலையை அனுப்பும் இரும்புக் கோபுரத்தின் பெயராலேயே அலையையும் அழைக்கிறார்கள். கருவியாகு பெயருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று என் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன்.

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி, ஸ்வாமி தரிசனத்தை முடித்துக்கொண்டு கீழே நோக்கினால், வீட்டு மாடிகளிலும் வயலோரங்களிலும் இந்தக் கோபுரங்கள் நிற்பதைக் காணலாம். சில மைல் தூரத்தில் ஆந்திர எல்லை. முன்பு சித்தூர் ஜில்லாவில் இருந்த இவ்வூர், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. அந்த எல்லை தரையோடு நின்றுவிடவில்லை, ஆகாயத்திலும் ஏறிவிட்டது. செல்போன் தொழிலுக்காகத் தேசம் இன்று 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு ஒரு வட்டம். ஆந்திரம் வேறு வட்டம். எல்லையோர ஊர்களில் உட்கார்ந்த இடத்திலேயே செல்போன் அடுத்த ராஜ்யத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். நமக்கு வந்த அழைப்புக்கு நம்மிடமே காசு கேட்கும். கூடத்தில் பேசினால் தமிழ்நாடு, கொல்லையில் பேசினால் ஆந்திரம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நல்ல வேளையாக அந்தக் கட்டணத் தொல்லை ஒழிந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

1995 ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியில் மந்திரியாயிருந்த சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அப்போது கோபுரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று தேசத்தில் சுமார் 8 லட்சம் கோபுரங்கள் இருக்கின்றன. ஏன் இத்தனை என்று கேட்கலாம். ஒரு கோபுரம் ஒரே சமயத்தில் தாங்கக்கூடிய பேச்சுக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே நிலப்பரப்பைத் தேனடையின் அறைகளைப்போல் பங்கிட்டு, அறைக்கு ஒரு கோபுரம் வைக்கிறார்கள். 'செல்' என்ற பெயரே அந்த அறையைக் குறிப்பதுதான். டிசம்பர் 31-ந் தேதி இரவு படித்திருவிழாவுக்கும், ஆடிக் கிருத்திகைக்கும் மலையடியில் கூட்டம் நெரியும்போது, போனில் கோடுகள் நிறையத் தெரிந்தும் பேச்சுப் போகாமல் தவிப்பது இதனால்தான். டவர் இருக்கிறது, ஆனால் அதன் வாசலில் வரிசை நீண்டுவிட்டது.

நிற்க. அந்தக் கோபுரம் யாருடையது? ஆரம்பத்தில் ஒவ்வொரு போன் கம்பெனியும் தனக்கென்று கோபுரம் கட்டிக்கொண்டது. பிறகு, கோபுரம் கட்டி வாடகைக்கு விடுவதே தனித் தொழிலாகிவிட்டது. 2007-ல் பார்தி, வோடபோன், ஐடியா மூன்றும் கூடி இண்டஸ் டவர்ஸ் என்ற கம்பெனியை ஸ்தாபித்தன. இன்று அதன் வசம் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கோபுரங்கள் உள்ளன. இத்தகைய கம்பெனி நம் மாடியை வாடகைக்கு எடுக்கிறது, கோபுரத்தை நிறுத்துகிறது, போன் கம்பெனிகளை அதில் குடிவைத்து அவற்றிடம் வாடகை வாங்குகிறது. முதல் குடித்தனக்காரர் கோபுரச் செலவைத் தாங்குவார். இரண்டாமவர் வந்தால்தான் லாபம். ஆனால் போன் கம்பெனிகளோ தேய்ந்துகொண்டே வந்து, இப்போது பெரிதாக நிற்பவை நான்குதான். அதனால் ஒரு கோபுரத்தில் சராசரியாக இரண்டு பேர்கூடக் குடியில்லை.

குடித்தனக்காரர் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நன்றாக அனுபவித்திருக்கிறது. நம் பக்கத்தில் வளர்ந்த ஏர்செல் கம்பெனி, 2010-ல் தன் 17,500 கோபுரங்களைச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு ஜி.டி.எல். இன்ப்ராஸ்ட்ரக்சர் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டு, அதே கோபுரங்களில் வாடகைக்குக் குடியிருந்தது. 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸுகளை ரத்துச் செய்தது. பல சிறு கம்பெனிகள் மறைந்தன. 2016-ல் ஜியோ வந்ததும் விலைப்போட்டி மூண்டது. 2018-ல் ஏர்செல்லே திவாலாயிற்று. விளக்கணைந்த கோபுரங்கள் மட்டும் நின்றன. பிறகு 2022-ல் ஒரு விநோதமான செய்தி வந்தது. தமிழ்நாட்டில் 600க்கு மேற்பட்ட செல்போன் கோபுரங்கள் களவுபோய்விட்டன என்று ஜி.டி.எல். போலீஸாரிடம் முறையிட்டது! குத்துவிளக்கு திருடுகிறவனைத் தெரியும். நூறடிக் கோபுரத்தைக் கழற்றி எடுத்துப்போனவனை என்னென்பது? கவனிப்பாரில்லாத சொத்தின் கதி அதுதான்.

ஆகவே மாடியைக் கொடுக்குமுன் பத்திரத்தைப் படிக்க வேண்டும். அதுவோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, ஒப்பந்தத்தை யார் முறிக்கலாம் என்ற இடம். பல பத்திரங்களில், கம்பெனி சில மாத நோட்டீஸில் விலகலாம். வீட்டுக்காரரோ பத்து, பதினைந்து ஆண்டுகள் விலக முடியாது. விலகும்போது கோபுரத்தைத் தன் செலவில் இறக்கி, தளத்தைச் செப்பனிட்டுத் தருவது கம்பெனியின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? மின்சாரப் பாக்கி யார் தலையில் விழும்? கட்டிடம் பாரம் தாங்கும் என்று இஞ்சினியர் அத்தாட்சி கொடுத்தாரா? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை ரிஜிஸ்தர் செய்தே ஆகவேண்டும் என்பது சட்டம். சொத்துவரியையும் மறக்கக்கூடாது. கோபுரமும் கட்டிடமே, அதற்கு வரி விதிக்கலாம் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2024-ல் அதே கோர்ட், வேறொரு வரி வழக்கில், கோபுரம் பெயர்த்தெடுக்கக்கூடிய பொருள் என்றது. இரண்டுக்கும் தனித்தனி நியாயம் உண்டு என்பார்கள் வக்கீல்கள். வீட்டுக்காரர் அந்த வரியைக் கம்பெனி கட்டவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வதே உத்தமம்.

அக்கம்பக்கத்தார் கதிர்வீச்சுக்கு அஞ்சுவதும் உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் நம் சர்க்கார் விதித்துள்ள வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டு நிறுத்துகிறேன்.

இனி வாடகை ஏறுமா? 2022 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைச் சேவையின் உயர்ந்த அலைவரிசைகள் அதிக தூரம் போவதில்லை; சுவர்களையும் எளிதில் ஊடுருவுவதில்லை. அவற்றுக்கு நெருக்கமாகப் பல சிறு கருவிகள் வேண்டும். அவை தெருவிளக்குக் கம்பத்திலேயே அமரக்கூடியவை. கம்பம் நகரசபையுடையது. மாடி வைத்திருப்பவர் பெரிய வாடகைக் கனவு காண்பதற்கு இது சாதகமான காலம் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கனவைத்தான் மோசக்காரர்கள் முதலாக வைத்திருக்கிறார்கள். "உங்கள் நிலம் டவருக்குத் தேர்வாகியிருக்கிறது, லட்சக்கணக்கில் முன்பணம், மாத வாடகை, வீட்டில் ஒருவருக்கு உத்தியோகம்" என்று செல்போனிலேயே செய்தி வரும். பின்னால் சர்க்கார் முத்திரையுடன் ஒரு காகிதம். அதற்கும் பின்னால், பதிவுக் கட்டணம், வரி, இன்ஷூரன்ஸ் என்று தவணை தவணையாகப் பணம் கேட்பார்கள். பென்ஷன் பணத்தையும், பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த நகையையும் இதில் தோற்றவர்கள் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. கோபுரம் வைப்பதற்குத் தடையில்லாச் சான்று எதுவும் தாங்கள் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு இலாகாவும், டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையமும் பலமுறை அறிவித்திருக்கின்றன. குடிவருகிறவன் வீட்டுக்காரரிடம் வாடகை கேட்பதுண்டா? பணம் கேட்ட கணமே பேச்சை நிறுத்திவிடலாம். கொடுத்துவிட்டவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து முறையிட வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் பாங்கியில் நிறுத்திவைக்க இடமுண்டு.