கடிக்காத வண்டு, கொட்டாத வண்டு

கழுத்திலோ கன்னத்திலோ திடீரென்று நீளவாக்கில் ஒரு சிவந்த கோடு. தீப்பட்டதுபோல் எரிச்சல். அடுத்து பொடிப்பொடியாகக் கொப்புளம். அக்கி என்று நினைத்துக் காவி பூசுகிறவர்களும் உண்டு. பல நேரங்களில் இது, ஓரிரு நாளைக்கு முன் தெரியாமல் நசுக்கிய ஒரு வண்டு விட்டுப்போன புண்.

அதன் அறிவியல் பெயர் பீடரஸ் ஃபுஸ்கிபஸ். 60,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ரோவ் வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கறுப்புத் தலை, ஆரஞ்சு உடல், நடுவில் நீலமாக மின்னும் குட்டையான மேலிறக்கை, வால்நுனியில் மறுபடி கறுப்பு. அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எறும்பு என்றே தோன்றும். ஆனால், பறக்கும் இறக்கை உள்ளே மடிந்திருக்கிறது.

இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. உடல்நீரில் 'பீடரின்' என்ற நஞ்சு இருக்கிறது. நசுக்கினால்தான் அது நம் தோலில் படும். அந்த நஞ்சையும் வண்டு தானாகத் தயாரிப்பதில்லை, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாவே தயாரிக்கிறது. அதற்கான மரபணுக்களை 2002-இல் யோர்ன் பீல் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். தாய் வண்டு முட்டையிலும் இந்த நஞ்சை வைத்து அனுப்புகிறது. ஓநாய்ச் சிலந்திகள் இதன் புழுக்களைத் தின்னாமல் ஒதுங்குவது அதனால்தான்.

இதன் உண்மையான வீடு நெல்வயல். தூருக்குத் தூர் ஏறி இறங்கி, நெற்பயிரைக் கெடுக்கும் புகையானையும் தத்துப்பூச்சியையும் பிடித்துத் தின்னும். எடுத்ததற்கெல்லாம் மருந்தடித்தால் இந்த வேட்டைக்காரர்கள் செத்துப்போவார்கள். புகையான் முன்பைவிடப் பெருகும். அப்படி அடிபட்டுத்தான் இந்தோனேசியா 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

அறுவடையில் இருப்பிடம் கலைந்ததும், இரவில் விளக்கொளியைத் தேடி இவை வீட்டுக்குள் வருகின்றன. மேலே ஊர்ந்தால் அடிக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் ஏற்றி வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையைக் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். படுக்கையை உதறிவிட்டுப் படுங்கள். சன்னலுக்குக் கொசுவலை அடித்து, தேவையில்லாத விளக்கை அணையுங்கள்.

வீட்டுக்கு இவ்வளவு போதும். இந்த வண்டுக்குப் பயந்து வயலில் மருந்தடிப்பது, சம்பளம் வாங்காத காவல்காரனை நாமே விரட்டுவதாகும். புண்ணுக்கு மருந்து எழுதும் மருத்துவரும் பயிருக்கு யோசனை சொல்லும் வேளாண் அலுவலரும் இந்த இரண்டு செய்தியையும் சேர்த்தே மக்களிடம் சொல்ல வேண்டும்.