பத்திரம் பத்திரமா?

சங்க நண்பர் ஒருவர் மாதுங்காவில் என் கடைக்கு வந்தார். வயது 62, ஓய்வு பெற்றவர், கையில் 20 லட்சம். ஒரு கம்பெனியின் பத்து வருஷக் கடன் பத்திரத்துக்கு 11 சதவீத வட்டியாம், போடலாமா என்றார்.

"எனக்குப் பாத்திரம் தெரியும், பத்திரம் என்ன தெரியும்?" என்றேன். அவர் விடவில்லை. "பேரே பத்திரம்னு இருக்கே, பத்திரமாத்தானே இருக்கும்?"

வடமொழியில் இவை இரண்டு சொற்கள். ஒன்று இலையைக் குறிப்பது. அதுவே பிறகு ஆவணத்துக்கும் பெயராயிற்று. மற்றது நன்மையைக் குறிப்பது. பத்ரகாளியில் வருகிறதே, அது. தமிழில் 'ப' ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து விழுந்துவிட்டன. கடன் பத்திரம் முதல் வகை. நாம் கடன் கொடுக்கிறோம், அவன் எழுதித் தருகிறான், அவ்வளவே.

வியாபாரியாகச் சொல்கிறேன். நாணயமான ஆசாமிக்குக் குறைந்த வட்டியிலேயே கடன் கிடைக்கும். 11 தர ஒருவன் ஒப்புகிறான் என்றால், 7-க்குக் கொடுக்க அவனுக்கு ஆளில்லை. தரச் சான்று இருக்கிறதே என்றார் நண்பர். ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். கம்பெனிக்கு 2018 ஜூலையிலும் உச்சமான 'டிரிபிள் ஏ' இருந்தது. செப்டம்பரில் 'டி', அதாவது கடன் தவறியவன்!

கம்பெனி நல்லதே என்றாலும் இன்னொன்று உண்டு. 100 ரூபாய்க்கு வருஷம் 8 ரூபாய் தரும் பத்து வருஷப் பத்திரம் வாங்குகிறோம். உடனே ஊரில் வட்டி 10 ஆகிவிட்டால், அதை விற்கப் போனால் 88 ரூபாய்தான் தேறும். முதிர்வு வரை காத்திருக்க முடிந்தவருக்கு இது பாதகமில்லை. நண்பருக்கோ மூன்று வருஷத்தில் பெண் கல்யாணம். அதற்கு 12 லட்சம் வேண்டும்.

அந்தப் பன்னிரண்டை நாலு நாலு லட்சமாக மூன்று வங்கிகளில் வைப்பாகப் போடச் சொன்னேன். 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மிச்சம் எட்டுக்கு ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டி சேமிப்புப் பத்திரம். தேசிய சேமிப்புப் பத்திர வட்டியைவிட 0.35 கூடுதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். ஆனால் ஏழு வருஷம் கட்டிப்போடும். 60 தாண்டியவர் ஆறு வருஷத்தில் எடுக்கலாம், கொஞ்சம் வட்டி பிடிப்பார்கள். விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. வட்டிக்கு வருமான வரியும் உண்டு.

"அப்போ 11?" என்றார்.

"அது உங்க பெண் கல்யாணப் பணம், சார்" என்றேன்.