ஜெப வாழ்க்கை – 7: பிலிப்பியருக்காக ஒரு கைதியின் சந்தோஷம்

சென்ற வாரத்தில் பிரதான ஆசாரியனாகிய ஆரோனின் உடையைப் பற்றிப் பேசினோம். இஸ்ரவேல் கோத்திரங்களின் நாமங்கள் இரண்டு கோமேதகக் கற்களில் வெட்டப்பட்டு அவனுடைய தோள்களின்மேலும், பன்னிரண்டு இரத்தினங்களில் வெட்டப்பட்டு அவனுடைய மார்பின்மேலும் இருந்தன என்பதையும், தோள் பாரத்துக்கு உரிய இடமானால் மார்பு பிரியத்துக்கு உரிய இடம் என்பதையும் கண்டோம். தோளைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. பிறருக்காக ஜெபிக்கத் தோன்றுவதையே ‘ஜெபபாரம்’ என்றுதான் நம் சபைகளில் சொல்லி வருகிறோம். மார்பைப் பற்றியே, அதாவது பிறருக்காக ஏறெடுக்கும் விண்ணப்பத்தில் உள்ள சந்தோஷத்தைப் பற்றியே, இன்னும் கற்கவேண்டியது இருக்கிறது.

நம்முடைய ஜெபக்கூட்டங்களில் வாசிக்கப்படும் குறிப்புகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை, இன்னொருவருக்குக் கடன்தொல்லை, ஒரு வீட்டில் பெண்ணின் விவாகம் தடைப்படுகிறது, வேறொரு வீட்டில் மகன் குடிப்பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டான். இவற்றுக்காக ஜெபிப்பது நியாயமே. ஜெபியாமல் இருப்பதுதான் குற்றம். ஆயினும், வருஷக்கணக்காக ஒரு மனிதருடைய பெயரை அவருடைய தொல்லையோடு சேர்த்தே உச்சரித்து வந்தால், காலப்போக்கில் அந்தத் தொல்லை மாத்திரமே நம் மனத்தில் நின்று அந்த மனிதர் மறைந்துபோகிறார். நாம் ஜெபிக்கிறோம் என்ற பெயரில் கவலைப்படுகிறோம். அப்படிப்பட்ட ஜெபத்தில் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தைத்தான் முதலில் திறக்கவேண்டும். நான்கே அதிகாரங்கள், 104 வசனங்கள் கொண்ட இந்தச் சிறிய நிருபத்தில், ஆரம்ப வாழ்த்து முடிந்தவுடனே, தான் அவர்கள் அனைவருக்காகவும் ஏறெடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சந்தோஷத்தோடு ஏறெடுப்பதாக அவன் அறிவிக்கிறான். இதை அவன் எழுதிய இடமோ ஒரு சிறை. அது ரோமாபுரியில் இருந்தது என்பது நெடுங்கால மரபு. எபேசு என்றும் செசரியா என்றும் கருதும் பண்டிதர்களும் உண்டு. எந்த ஊரானாலும், மரணதண்டனையா விடுதலையா என்று தீர்ப்பு தெரியாமல் விலங்கோடு காத்திருந்த ஒருவன் எழுதியது என்பதில் ஐயமில்லை.

அந்தப் பட்டணத்தின் வரலாறும் அறியத்தக்கது. கி.மு. 356-ல் மக்கெதோனிய மன்னனாகிய இரண்டாம் பிலிப்பு, அருகிலிருந்த தங்கச் சுரங்கங்களைக் கருதி அந்த ஊரைத் தன் பெயரால் நிலைநாட்டினான். கி.மு. 42-ல், ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸையும் காசியஸையும் அந்தோணியும் ஒக்டேவியனும் அதே சமவெளியில் முறியடித்த பிறகு, ஓய்வுபெற்ற போர்வீரர்கள் குடியேற்றப்பட்டு அது ரோமக் குடியேற்றமாயிற்று. பவுல் அங்கே முதன்முதலாகச் சென்றது ஏறத்தாழ கி.பி. 50-ஆம் ஆண்டில். ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடியிருந்த சில ஸ்திரீகளோடு அவன் பேசினான். அவர்களுள் தியத்தீரா ஊராளும் இரத்தாம்பரம் விற்கிறவளுமான லீதியாள் விசுவாசித்துத் தன் வீட்டைத் திறந்துகொடுத்தாள். குறிசொல்லும் ஆவியால் எஜமான்களுக்கு ஆதாயம் சம்பாதித்துக்கொடுத்து வந்த ஓர் அடிமைப்பெண் அந்த ஆவியினின்று விடுபட்டாள். ஆதாயம் போன ஆத்திரத்தில் அவர்கள் மூட்டிவிட்ட கலகத்தினால் பவுலும் சீலாவும் அடிபட்டு, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்டு, உட்காவலறையில் அடைக்கப்பட்டார்கள். நடுராத்திரியில் அவர்கள் ஜெபித்துத் துதிபாடினதும், பூமி அதிர்ந்ததும், தற்கொலைக்குத் துணிந்த சிறைச்சாலைக்காரன் அந்த இரவிலேயே குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றதும் வேதம் வாசிக்கிற சிறுபிள்ளைகளும் அறிந்த சங்கதிகள்.

ஆகவே, பிலிப்பியரை நினைக்கும்போதெல்லாம் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்று பவுல் எழுதும்போது, அவனுடைய நினைவில் எழுவது முதுகிலே பட்ட பிரம்படிகள் அல்ல, லீதியாளின் வீட்டு வாசலும், தன் காயங்களைக் கழுவிய சிறைச்சாலைக்காரனின் கைகளும்தாம் என்று கொள்வது தவறாகாது. ஒரே ஊரின் நினைவில் இரண்டும் கலந்திருக்க, எதை முன்னே வைப்பது என்பதில்தான் ஜெபிக்கிறவனுடைய சுபாவம் வெளிப்படுகிறது. பவுல் ஸ்தோத்திரத்தை முன்னே வைத்தான். விண்ணப்பம் அதன் பின்னே வந்தது. சந்தோஷம் அந்த இரண்டுக்கும் நடுவிலே பிறந்தது.

இது அக்காலத்துக் கடிதமுறையின் வெறும் சம்பிரதாயம் அல்லவா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். வாழ்த்துக்குப் பிறகு தெய்வத்துக்கு நன்றி சொல்லி, பெறுபவரின் சுகத்துக்காக வேண்டிக்கொள்வது கிரேக்க மொழிக் கடிதங்களில் வழக்கந்தான். ரோமக் கடற்படையில் சேர்ந்து இத்தாலியின் மிசேனம் துறைமுகத்துக்குச் சென்ற ஆப்பியோன் என்ற எகிப்திய இளைஞன், இரண்டாம் நூற்றாண்டில் தன் தகப்பனுக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது; அதில் அவன் தகப்பனுடைய சுகத்துக்காக வேண்டி, கடலின் ஆபத்திலிருந்து தன்னைக் காத்த செராப்பிஸ் தேவனுக்கு நன்றி செலுத்துகிறான். ஆனால் பவுல் இந்த வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியவன் அல்லன். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், வாழ்த்து முடிந்தவுடன் ஸ்தோத்திரம் வரவேண்டிய இடத்தில், நீங்கள் இவ்வளவு சீக்கிரம் விலகிப்போனீர்களே என்ற திகைப்பே வருகிறது. மனத்தில் இல்லாத நன்றியை அவன் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. எனவே பிலிப்பியருக்கு எழுதிய நன்றி மெய்யான நன்றி.

அப்படியானால் பிலிப்பிச் சபையார் குறையற்றவர்களோ எனில், அதுவும் இல்லை. அங்கே எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு ஸ்திரீகள், சுவிசேஷ ஊழியத்தில் பவுலோடு சேர்ந்து உழைத்தவர்கள், ஒருவரோடொருவர் ஒத்துப்போகாமல் இருந்தார்கள். அவர்களுக்குப் புத்தி சொல்லும் இடத்திலும் பவுல் அவர்களுடைய பழைய உழைப்பை நினைவுகூராமல் விடுவதில்லை. சந்தோஷத்தோடு ஜெபிப்பது “உங்கள் அனைவருக்காகவும்” என்று நிருபத்தின் தொடக்கத்தில் அவன் சொன்னபோது, இந்த இருவரும் அதில் அடங்கியே இருந்தார்கள். பிறர் திருந்திய பிறகுதான் அவர்களுக்காகச் சந்தோஷத்தோடு ஜெபிக்கலாம் என்றால், எவருக்காகவும் அப்படி ஜெபிக்க இயலாது.

அவனுடைய சந்தோஷத்துக்கு ஆதாரம் வேறே. அவர்களுக்குள்ளே நற்கிரியையைத் தொடங்கினவர் தேவன், அதை முடிவுபரியந்தம் நடத்துகிறவரும் அவரே என்ற நிச்சயம் அவனுக்கு இருந்தது. இந்த நிச்சயம் இல்லாதவன் பிறருக்காக ஜெபிக்கையில், நாற்று நட்டவன் ராத்திரியில் எழுந்து வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பதைப்போல, நேற்று ஜெபித்ததற்கு இன்று பலன் தெரிகிறதா என்று ஓயாமல் சோதித்துத் தானும் களைத்துப்போகிறான். நிச்சயமுள்ளவனோ, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, செய்யவேண்டியவரிடத்தில் காரியத்தை ஒப்புவித்து எழுந்திருக்கிறான்.

சந்தோஷம் என்றவுடன் துக்கமே அண்டாத மனநிலை என்று நினைத்துவிடக் கூடாது. பிலிப்பியர் தங்கள் காணிக்கையை எப்பாப்பிரோதீத்து என்பவன் கையில் கொடுத்தனுப்பினார்கள். ரோமாபுரிக்கென்றால் அது 700 மைலுக்குக் குறையாத பிரயாணம். வந்த இடத்தில் அவன் மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்டான்; தன் வியாதியைப் பற்றி ஊரார் கேள்விப்பட்டார்களே என்று அவர்களுக்காக அவன் வியாகுலப்பட்டான். அவன் பிழைத்திராவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் நேர்ந்திருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறான். மெய்யாய் நேசிக்கிறவனுக்கே இப்படிப்பட்ட துக்கம் உண்டு. ஒருவரைப் பற்றி நமக்குச் சந்தோஷமும் இல்லை, அவரை இழந்தால் துக்கமும் இல்லை என்றால், அவருக்காக நாம் சொல்லும் ஜெபம் நாவின் அப்பியாசமேயன்றி வேறில்லை.

இனி, சந்தோஷத்தோடு அவன் கேட்டது யாது? பிலிப்பியர் செல்வர்கள் அல்லர்; மக்கெதோனியச் சபைகளின் கொடிய தரித்திரத்தையும், அந்தத் தரித்திரத்திலும் சந்தோஷமாய் அவர்கள் வாரிக்கொடுத்ததையும் கொரிந்தியருக்கு எழுதின நிருபத்தில் பவுலே புகழ்ந்திருக்கிறான். பாடுகளும் அவர்களுக்கு இருந்தன. அவர்களுடைய குறைவையெல்லாம் தேவன் நிறைவாக்குவார் என்று நிருபத்தின் முடிவில் அவன் உறுதி சொல்லுகிறான். ஆனால் தொடக்கத்து விண்ணப்பத்தில் அவன் கேட்பது, அவர்களுடைய அன்பு அறிவிலும் உணர்விலும் மேன்மேலும் பெருகவேண்டும், எது உத்தமம் என்று பகுத்தறிய அவர்கள் கற்கவேண்டும் என்பதே. அன்பு அவர்களிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்காக ஸ்தோத்திரித்தவன், அது வளரும்படி கேட்கிறான். இல்லாததைக் கண்டு புலம்பும் ஜெபத்துக்கும், இருப்பதைக் கண்டு அதன் பெருக்கத்தைக் கேட்கும் ஜெபத்துக்கும் உள்ள பேதம் இதுதான்.

பிரியமானவர்களுக்காக இப்படி ஜெபிக்கலாம், நமக்கு ஆகாதவர்களுக்காக எப்படி என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியில் பின்கன்வால்டே என்னுமிடத்தில் நடந்து, 1937-ல் நாஜி அரசின் இரகசியப் போலீஸார் மூடிவிட்ட குருமார் பயிற்சிப் பள்ளியின் தலைவராயிருந்த டீட்ரிச் போன்ஹோஃபர், அங்கே கூடிவாழ்ந்த அனுபவத்தைக் கொண்டு எழுதி 1939-ல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். எவ்வளவு தொல்லை தருகிற சகோதரனானாலும், அவனுக்காகப் பரிந்து ஜெபிக்கிறவன் அவனைத் தொடர்ந்து பகைக்க முடியாது என்பது அவருடைய துணிபு. ஒரே வீட்டில் உண்டு உறங்கிப் படித்த வாலிபர்களுக்கிடையே அன்றாடம் எழும் உரசல்களை நேரில் கண்டவர் சொன்னது அது. 1943-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு, தாம் கைதியாயிருந்த பெர்லினின் தேகல் சிறையில், உடன்கைதிகளுக்கென்றே அவர் ஜெபங்களை எழுதிக்கொடுத்தார் என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம்.

இதையெல்லாம் நடைமுறையில் கொண்டுவருவதற்குப் பெரிய முயற்சி எதுவும் வேண்டியதில்லை. யாருக்காக ஜெபிக்கப்போகிறோமோ அவருடைய தொல்லையைச் சொல்வதற்கு முன்பாக, அவரிடத்தில் தேவன் ஏற்கெனவே செய்திருக்கும் ஒரு நன்மையை, பொதுவாக அல்ல, திட்டமாக, பெயரிட்டுச் சொல்லி ஸ்தோத்திரிக்கவேண்டும். குடிகார மகனுக்காக அழுகிற தாய், அவன் சிறுவனாயிருந்தபோது காட்டிய இரக்கத்துக்காக முதலில் நன்றி சொல்லட்டும். பின்பு கண்ணீர் வந்தால் வரட்டும். அந்தக் கண்ணீர் ஒரு குடிகாரனுக்காக அல்ல, தன் மகனுக்காக வடிகிற கண்ணீராயிருக்கும்.

ஸ்தோத்திரத்தில் தொடங்குகிற ஜெபத்திலும் உழைப்பு உண்டு, சில சமயம் போராட்டமும் உண்டு. கொலோசே ஊரானான எப்பாப்பிரா தன் ஊராருக்காக ஜெபத்தில் போராடினான் என்று பவுல் சாட்சி கூறுகிறான். சந்தோஷமும் போராட்டமும் ஒரே ஜெபத்தில் எவ்வாறு கூடி இருக்கும் என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)